வருசப் பிறப்புக்கு ஓர் ஆம்பிளை தேவை

கதவுக்கு வெளியே நான் நின்றேன். கதவுக்கு உள்ளே மதாம் செலெஸ்தின் நின்றார். நடுவில் ஒரு பூட்டு.

எனக்குப் பின்னால் படியில் அவருடைய மகள் மிரெய். கையில் பெரிய சட்டி. சூடு போகாமல் சட்டியைச் சுற்றி ஒரு துவாய். அதற்குப் பின்னால் இரண்டு பேத்திகள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. யன்னலில்லாத படிக்கட்டு. வாயைத் திறந்தால் புகை வரும் குளிர்.

ஒருவரும் உள்ளே போகவில்லை. பெற்ற மகளையே தாய் உள்ளே விடவில்லை.

"ஆம்பிளை வந்திட்டானோ?" உள்ளேயிருந்து குரல்.

"வந்திட்டான், அம்மா."

"எப்பிடிப்பட்டவன்?"

மிரெய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மெலிஞ்சவன். ஆனால் ஆம்பிளைதான்."

பிரான்சின் பரிஸ் நகரில், மார்க்ஸ் டோர்மோய் பக்கத்தில், ஆங்கில வருடப் பிறப்பன்று காலையில் இது நடந்தது. எந்த வருடம் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்கிறார். எனக்கு வருடம் மனதில் நிற்காது. ஊரில் சண்டை முடிந்து, நான் இங்கே வந்து, ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, கை வெடித்த பிறகு. அவ்வளவுதான் சொல்லலாம்.

போன கிழமை அந்தக் கோப்பை கழுவிய கதையை எழுதினேன். ஒருவர் தொலைபேசி எடுத்து, வாசித்து அழுததாகச் சொன்னார். கழுவும்போது எனக்கு அழுகை வரவில்லை. இந்தக் கிழமை ஒருவரும் அழ வேண்டாம்.

நான் வெறுங்குடம்

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு முழுவியளம் என்றால் விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காரியத்துக்கு வெளிக்கிடும்போது முதலில் எதிரே எது வருகிறதோ, யார் வருகிறார்களோ, அதுதான் முழுவியளம். நிறைகுடம் வந்தால் நல்லது. வெறுங்குடம் வந்தால் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போக வேண்டும்.

நான் வெறுங்குடம்.

அப்படித் தீர்ப்புச் சொன்னவர் யோகண்ணை. எங்கள் வீட்டில் மூத்தவர். மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஆறு ஆம்பிளைகள். வீடு அவர் பெயரில். தீர்ப்பும் அவருடையது.

யோகண்ணைக்குக் கார் ஓட ஆசை. அதற்கு இங்கே முதலில் எழுத்துப் பரீட்சை. நான் வந்த புதிதில் ஒரு நாள் அவர் பரீட்சைக்கு வெளிக்கிட்டார். நான் கீழே குப்பையைக் கொட்டிவிட்டு, வெறும் வாளியோடு படியேறி வந்தேன். அவர் பெயில்.

அதற்கு முன்னும் அவர் பெயில்தான். ஆனால் அது நான் வருவதற்கு முன் நடந்த பெயில். கணக்கில் சேரவில்லை.

பிறகு சிவா. எங்கள் வீட்டில் இளையவன். ஒரு பெட்டையைப் பார்க்கப் போனான். படியில் என்னைக் கண்டான். பெட்டை தமையனோடு வந்திருந்தாள்.

அதோடு பெயர் நிலைத்தது. யாருக்காவது முக்கியமான காரியம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். "தம்பி, நாங்கள் போகுமட்டும் கொஞ்சம் உள்ளை நில்லு."

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். கூடுதலாக நித்திரை கிடைத்தது. எனக்கு நட்டமில்லை.

நட்டம் பிறகு வந்தது.

ஓல்னேயிலிருந்து ஒரு தொலைபேசி

பரிசுக்கு வெளியே, ஓல்னே-சூ-புவாவில் யோகண்ணையின் சொந்தக்காரி ஒருவர் இருந்தார். பூமணி மாமி. புருசன் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்து மகளை வளர்த்தவர். மகள் சுகந்தி.

சுகந்தியை நான் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் கண்டேன். மண்டபத்தின் பின்பக்கம் நான் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் தான் சாப்பிட்ட கோப்பையைத் தானே கொண்டுவந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"கை வெடிச்சுக் கிடக்கு. கிறீம் பூசுறேல்லையோ?"

"இல்லை."

"பூசுங்கோ," என்று சிரித்தாள்.

எங்கள் காதல் வசனம் இவ்வளவுதான். நான் கிறீம் வாங்கினேன்.

டிசம்பர் கடைசியில், சுகந்திக்கு என்னைப் பார்க்கலாமோ என்று விசாரிக்க மாமி யோகண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். யோகண்ணைக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் சத்தமாக வைத்துத்தான் கதைப்பார். ஆறு பேரும் கேட்டோம்.

"பெடியன் எப்பிடி?"

"தங்கமான பெடியன். குடி இல்லை. சிகரெட் இல்லை. வாயும் இல்லை."

"பிறகென்ன யோசனை?"

"முழுவியளம் மட்டும் கொஞ்சம்..."

யோகண்ணை பொய் சொல்ல மாட்டார். அது அவரிடம் உள்ள ஒரே குறை.

மாமி சொன்னார். "தை பிறக்கட்டும். பாப்பம்."

எங்கள் ஆட்கள் "பாப்பம்" என்றால் பார்க்க மாட்டார்கள். தை பிறப்பதற்குள் என் பெயர் மாற வேண்டும். பெயர் மாற வேண்டுமென்றால் என் முகத்தைக் கண்டு யாருக்காவது ஒரு நல்லது நடக்க வேண்டும். அதற்கு நான் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். இவர்களோ என்னை உள்ளே வைத்துச் சாத்துகிறார்கள்.

சிவாவிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "விடு மச்சான். உனக்கு வாச்சது அந்த கிறீம் டப்பா மட்டும்தான்."

ரசம் வைத்தது யார்?

வருடத்தின் கடைசி நாள் மத்தியானம் படிக்கட்டு முழுக்கக் கறிவேப்பிலை மணம்.

"ஆரோ ரசம் வைக்கினம்," என்றார் யோகண்ணை. "தாளிதம் கூடிப்போச்சு."

எங்கள் கட்டடத்தில் தமிழர் நாங்கள் மட்டும்தான். எங்கள் அடுப்பு அணைந்திருந்தது. நான் மணத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அது இரண்டாம் மாடியில் மதாம் செலெஸ்தின் வீட்டில் போய் முடிந்தது.

மதாம் செலெஸ்தினைச் சொல்ல வேண்டும். குவாதலூப் தீவுக்காரி. அந்தத் தீவு கரீபியன் கடலில் இருக்கிறது. பிரான்சுக்குச் சொந்தம். அங்கிருந்து பரிசுக்கு வர விசா வேண்டாம். எங்களுக்கு அதில் பொறாமை. மதாம் ஆஸ்பத்திரியில் நோயாளரைக் குளிப்பாட்டும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கறுத்த, அகன்ற, உரத்த மனுசி. எனக்கு ஒரு சொல் என்றால் அவருக்கு நூறு சொல். அதனால் எங்களுக்குள் பிரச்சினை இல்லை. அவர் சொன்னதெல்லாம் பிரெஞ்சில். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

கதவு திறந்து கிடந்தது. அந்தக் குளிரில் எல்லா யன்னலும் திறந்து கிடந்தன. அவர் தலையில் சீலைத்துண்டு கட்டி, தும்புத்தடியால் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். கட்டிலைக்கூட இழுத்து நடுவில் போட்டிருந்தார்.

"எட்டி நில்லு. பழைய வருசம் வெளியாலை வருது," என்றார். குப்பையைப் படிவரை தள்ளினார்.

குளியலறையில் தொட்டி நிறையத் தண்ணீர். மேலே கறிவேப்பிலை மிதந்தது. ஒரு பிடி இரண்டு பிடி இல்லை. ஒரு கலியாணத்துக்குக் காணும்.

"மதாம், இது கறிக்குப் போடுறது."

"தெரியும். எங்கட தீவிலை நாங்கள் போடுற இலை வேறை. அது இஞ்சை எங்கை கிடைக்கும்? லா சப்பலிலை உங்கட கடையிலை கேட்டன். குளிக்க நல்ல இலை எது எண்டு. கடைக்காரன் இதைத் தந்தான். எல்லாத்துக்கும் நல்லதாம்."

கடைக்காரனை எனக்குத் தெரியும். அன்று அவனிடம் கறிவேப்பிலை மிஞ்சியிருந்திருக்கும்.

தீவில் எப்படி

வருடம் முடிகிற நாளில் தீவில் ஊரே கடலுக்குப் போகுமாம். சிலர் ஆற்றுக்கு. கிழவிகளும் போவார்கள், கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போவார்கள். இலைகளைக் கசக்கி உடம்பில் தேய்ப்பார்கள். தலை முழுக உப்புத் தண்ணீரில் இறங்குவார்கள். அந்த வருடம் ஒட்டிக்கொண்ட தரித்திரம், கண்ணூறு, கோபம் எல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

"புருசன்மாரும் போயிடுவாங்களோ?" என்று நான் கேட்டேன்.

"ஒரு சிலரைத் தள்ளிப் பாத்தம். திரும்பி வந்திட்டாங்கள்."

எங்களுக்கும் இப்படி ஒன்று உண்டு என்றேன். சித்திரையில் மருத்துநீர். கோயிலில் இலையும் பூவும் அவித்துத் தருவார்கள். தலையில் வைத்து முழுகுவோம். மதாம் தும்புத்தடியைக் கீழே வைத்தார்.

"சித்திரை வருமட்டும் ஏன் பொறுத்திருக்கிறியள்? ஊத்தையோடை நாலு மாசமோ?"

நான் கதையைத் தீவுக்குத் திருப்பினேன்.

குளித்தால் புது உடுப்பு. உள்ளே போடுவதும் புதிது. ராத்திரி தேவாலயம், பிறகு வெடி, முத்தம், பாட்டு. முதலாம் தேதி பருப்பு தின்ன வேண்டும், கறுப்புப் பருப்பு, பன்றியோடு. கையில் காசு புரளுமாம். அன்று வீடு கூட்டக் கூடாது. குப்பை வெளியே போகக் கூடாது. போனால் நல்லகாலம் அதோடு போய்விடும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று. முதலாம் தேதி வாசல்படியை முதலில் தாண்டுகிறவன் ஆம்பிளையாக இருக்க வேண்டும். பொம்பிளை முதலில் வந்தால் அந்த வருடம் சரியில்லை.

"தீவிலை எல்லா வீட்டிலையும் அப்பிடியோ?"

"எங்கட அம்மா வீட்டிலை அப்பிடி. மற்ற வீட்டுக் கதை எனக்கெதுக்கு?"

அவருடைய தெருவில் ஒரு மீன்காரன் இருந்தானாம். தடியன். நல்ல கால் என்று பெயர். விடியவே எல்லாப் பெண்களும் அவனைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தோடம்பழத் தோல் ஊறிய றம் ஒரு கிளாஸ். மத்தியானத்துக்குள் நல்ல கால் இரண்டும் பின்னும். கடைசி வீடுகளுக்கு அவனைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு உள்ளே வைப்பார்களாம்.

பரிசில் மதாமின் புருசன் அந்த வேலையைச் செய்தார். வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு உள்ளே வருவார். அவர் செத்த பிறகு கட்டடக் காவல்காரர், ஒரு போர்த்துக்கீசக் கிழவர். அந்த வருடம் அவரும் ஊருக்குப் போய்விட்டார்.

"நாளைக்கு ஆர் வாறது?" என்று கேட்டேன்.

"மேலை ஆறு ஆம்பிளையள் இருக்கிறியள். எனக்கென்ன பயம்?" என்றார்.

வலது கால்

முதலாம் தேதி காலை ஐந்து ஆம்பிளைகள் கோயிலுக்குப் போனார்கள். வருடத்தின் முதல் நாள் அல்லவா. என் முகத்தில் விழிக்கலாமா? "தம்பி, நீ பிறகு ஆறுதலாய் வா," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார் யோகண்ணை.

அதனால்தான் மிரெய் வந்து தட்டியபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கெட்ட முழுவியளம் என்று உள்ளே வைத்தார்கள். உள்ளே வைத்ததால் நான்தான் மிச்சம்.

"வேறை ஆம்பிளை இல்லையோ?" என்று மிரெய் கேட்டார்.

"இல்லை. கோயிலுக்குப் போயிட்டினம்."

"எப்ப வருவினம்?"

"அங்கை சாப்பாடு போடுவினம்."

மிரெய் சட்டியைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். "வா," என்றார்.

இப்படித்தான் நான் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். எனக்கு ஆசை இருந்தது. இதுதான் என் பெயர் மாறுகிற வழி. ஆனால் பயமும் இருந்தது. எனக்காக இல்லை. அந்த மனுசிக்காக. சொல்லாமல் போவது சரியில்லை.

பூட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னேன். "மதாம், எங்கட ஆக்கள் என்னைக் கண்டால் காரியத்துக்குப் போகமாட்டினம். நான் கூடாத ஆள்."

உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

"நீ ஆம்பிளையோ?"

"ஓம்."

"மூச்சு விடுறியோ?"

"ஓம்."

"அப்ப காணும். பருப்பு ஆறுது. வலது காலை வைச்சு வா."

பூட்டுத் திறந்தது. நான் வலது காலை வைத்தேன்.

"போன் அனே," என்றேன். வருட வாழ்த்து. முதல் வாழ்த்தும் ஆம்பிளையின் வாயிலிருந்துதான் வர வேண்டுமாம். மதாம் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தார். அவரிடம் உப்பும் கறிவேப்பிலையும் மணத்தன. பிறகுதான் மகளுக்கு வழி விட்டார். பேத்திகள் என்னைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்கள்.

மேசையில் அன்னாசி வைத்துச் சுட்ட பன்றித்தொடை. நான் பன்றி தின்னமாட்டேன் என்றேன். "அப்ப பருப்புத் தின்னு," என்று கோப்பை நிறையப் போட்டார்கள். தின்றேன். நல்ல ருசி. பாதியில்தான் கண்டேன், பருப்புக்குள்ளும் பன்றி. அதற்குப் பிறகு நிறுத்துவதில் என்ன இருக்கிறது? முடித்தேன்.

சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படித் தொட்டிக்குப் போனேன். கை பழகிவிட்டது. தண்ணீரைத் திறந்தேன். நான்கு பொம்பிளைகளும் ஒன்றாகக் கத்தினார்கள். முதலாம் தேதி ஒன்றையும் கழுவி ஊற்றக் கூடாது.

பிரான்சுக்கு வந்து, கோப்பையைக் கழுவாதே என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தியது அன்றுதான்.

யோகண்ணையின் சுகவிசாரிப்பு

கோயிலால் வந்த யோகண்ணை படியில் என்னைக் கண்டார். மதாமின் கதவால் நான் வெளியே வந்தேன். கையில் பருப்புக் கிண்ணம்.

"உதுக்குள்ளை ஏன்ரா போனனி?"

சொன்னேன். திருநீறு பூசிய நெற்றியில் அவர் கையை வைத்தார்.

"அந்த மனிசிக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு? ஆறு மாடிக் கட்டடத்திலை உன்னையோ பிடிச்சவ?"

"மிச்சம் நான்தான் இருந்தன்."

அன்றிலிருந்து யோகண்ணை காலையும் மாலையும் மதாமின் கதவைத் தட்டினார். சுகமோ, காய்ச்சல் இல்லையோ, தலைசுற்று இல்லையோ என்று கேட்டார். சந்தைப் பையைத் தூக்கிக் கொடுத்தார். அவருக்குச் சாட்சி தேவை. கெட்டது நடந்தால் முதலில் அறிய வேண்டும்.

மதாமுக்கு வேறு விதமாகப் பட்டது.

ஒரு நாள் என்னைப் பிடித்து மெதுவாகக் கேட்டார். "உங்கட பெரியவர் கலியாணம் கட்டினவரோ?"

"ஊரிலை மனிசி இருக்கிறா, மதாம்."

"நினைச்சன்," என்றார். ஆனால் அடுத்த நாள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டுதான் கதவைத் திறந்தார்.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது பனி கொட்டியது. எல்லாருடைய சப்பாத்திலும் வந்து படியில் உருகியது. மதாம் இரண்டாம் மாடியிலிருந்து முதலாம் மாடிக்கு இருந்தபடியே வழுக்கிக்கொண்டு போனார். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன். யோகண்ணை எனக்கு முன்னால் அங்கே நின்றார். கையில் தொலைபேசி. அம்புலன்சுக்குத்தான் அடிக்கிறார் என்று நினைத்தேன்.

"பூமணி! விழுந்திட்டா!" என்றார் தொலைபேசியில்.

அம்புலன்சுக்கு நான் அடித்தேன்.

மதாமை ஏற்றிக்கொண்டு போன பிறகு படியில் உட்கார்ந்தேன். அவர் பிழைக்க வேண்டும் என்று நினைத்தேன். சுகந்தி இனி இல்லை என்றும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று கேட்க வேண்டாம்.

இரண்டு பொம்பிளைகள், ஒரு படி

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை ஓல்னே சனம் பாதி லா சப்பலில்தான் நிற்கும். பானை, கரும்பு, சர்க்கரை எல்லாம் வாங்க வேண்டும். பூமணி மாமியும் வந்தார். வந்த கையோடு யோகண்ணையிடம் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகிற எண்ணம்.

"நீ உள்ளை நில்லு," என்றார் யோகண்ணை. நின்றேன். கதவு மெல்லியது. எல்லாம் கேட்டது; காணாததை மதாம் பிறகு சொன்னார்.

மாமி எங்கள் மாடிக்கு வரவில்லை. இரண்டாம் மாடியில் நின்றுவிட்டார். அங்கே மதாம் செலெஸ்தின், இடது கை மாவுக்கட்டில். வலது கையில் உருளைக்கிழங்குப் பை. மாமிக்குப் பிரெஞ்சு என்னைவிட நல்லாய் வரும்.

"விழுந்தது நீங்களோ?" என்றார் மாமி.

"நான்தான். நல்ல விழுகை!"

"அந்தப் பெடியன் காலடி வைச்ச வீடு?"

"ஓம். அவன்தான். கடவுள் அனுப்பின பெடியன்."

மாமிக்கு விளங்கவில்லைப் போலும். மதாம் விளக்கினார். இந்த வயதில் இந்தப் படியில் விழுந்தால் இடுப்பு உடையும். இடுப்பு உடைந்தால் பிறகு எழும்பமாட்டார்கள். எத்தனை பேரைத் தன் கையால் குளிப்பாட்டி அனுப்பியவர் அவர். அவருக்கு உடைந்தது மணிக்கட்டு. அதுவும் இடது.

"இந்த வருசத்துக் கெட்டது எல்லாம் ரெண்டு கிழமைக்குள்ளையே முடிஞ்சுது. இவ்வளவு சின்னதாய்! இது ஆரின்ரை கால்? அவன்ரை கால். அடுத்த வருசத்துக்கும் சொல்லிவைச்சிட்டன்."

பிறகு மதாம் கேட்டார். "உங்கட வருசப் பிறப்பிலை உங்கட வீட்டுக்கு முதலிலை ஆர் வாறது?"

"ஒருத்தரும் வாறேல்லை," என்றார் மாமி. "நான் தாலி அறுத்தவள். காரியத்துக்குப் போற ஆக்கள் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பாப்பினம். நானாய் விலகி நிண்டுகொள்ளுவன்."

"எனக்கும் புருசன் இல்லை," என்றார் மதாம். "ஆனால் நான் விலகுறேல்லை. உடம்பு பெரிசு. இடம் காணாது."

மாமி சிரித்தார். அதற்கு முன் மாமி சிரித்து நான் கேட்டதில்லை. சுகந்தியின் சிரிப்பு எங்கேயிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"முதலாம் தேதி மட்டும் வந்திடாதேங்கோ," என்றார் மதாம். "நீங்கள் பொம்பிளை. ரெண்டாம் தேதி வாங்கோ. ரெண்டாம் தேதி நான் ஒண்டும் பாக்கிறேல்லை."

மாமியின் கேள்வி

பிறகு மாமி மேலே வந்தார். கரும்பைச் சுவரில் சாத்தினார். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார். அறைக் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் கட்டிலில் இருந்தேன்.

"இவனை எவ்வளவு காலமா உள்ளை வைச்சிருக்கிறியள்?"

"அது... வந்த காலந்தொட்டு," என்றார் யோகண்ணை.

"நீ சோதினைக்குப் போகேக்கை எல்லாம் இவன் உள்ளைதானே?"

"ஓம். உள்ளைதான்."

"பாஸ் பண்ணிட்டியோ?"

சிவா சுவர்ப்பக்கம் திரும்பி இருமினான்.

"இவனை உள்ளை வைச்ச பிறகு எத்தினை தரம் எழுதினாய்?"

"ஒரு... கொஞ்சம் தரம்."

"இவன்ரை முகம் காணாமல் எழுதி எல்லாம் பெயில். அப்ப குத்தம் ஆரிலை? இவன்ரை முகத்திலையோ, உன்ரை மண்டையிலையோ?"

மாமி கரும்பை எடுத்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "தம்பி, பொங்கலுக்கு வீட்டை வாரும். வெள்ளன வாரும். முதல் ஆளாய் வாரும்."

போனேன். கையில் கிறீம் பூசிக்கொண்டு போனேன்.

பனிக்காலம் முடிந்து யோகண்ணைக்குப் பரீட்சை வந்தது. விடியக் காலை என்னைத் தட்டி எழுப்பினார். முகம் சவரம் செய்திருந்தார்.

"எடேய், எழும்பு. முதலாம் மாடியிலை போய் நில்லு. நான் வர எதிராலை வா. சிரிச்சுக்கொண்டு வா."

நான் நிறையத் தண்ணீரோடு ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் வந்தார். நான் எதிரே வந்தேன். சிரிக்கவும் செய்தேன். எனக்கு அது லேசில் வராது. அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பெயில்.

அன்றோடு என் பெயர் கழுவப்பட்டது. நான் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. படியில் வருகிற ஒரு ஆள். அதற்குப் பிறகு ஒருவரும் என்னை உள்ளே நிற்கச் சொல்லவில்லை. நித்திரை குறைந்தது.

கலியாணத்தன்று பூமணி மாமி பின்வரிசையில் இருக்கவில்லை. முன்னால், மகளுக்குப் பக்கத்தில் நின்றார். ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமிக்குப் பக்கத்தில் மதாம் செலெஸ்தின் நின்றார், மஞ்சள் தொப்பியோடு. ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார்.

அதே கதவு

இப்போது நாங்கள் ஓல்னேயில். முதலாம் தேதி காலை மட்டும் நான் தவறாமல் மார்க்ஸ் டோர்மோய்க்குப் போகிறேன். மதாமின் கூட்டாளிகள் இரண்டு பேர், அவர்களும் தீவுக்காரிகள், என்னைக் கேட்டுவைத்திருக்கிறார்கள். மூன்று வீட்டிலும் பருப்பு. பிறகு மெத்ரோவில் இருக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. அந்த மீன்காரனை நினைத்துக்கொள்கிறேன்.

போன முதலாம் தேதி என் மகளும் வருவேன் என்று அடம்பிடித்தாள். இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியவள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். கூட்டிக்கொண்டு போனேன்.

அதே படி. அதே குளிர். பின்னால் மிரெய், அதே சட்டி. மதாமுக்கு இப்போது முழங்கால் சரியில்லை. மெதுவாக வந்து பூட்டைத் திறந்தார். நான் வலது காலைத் தூக்கினேன்.

மகள் என் கைக்குக் கீழால் நுழைந்து உள்ளே ஓடினாள்.

"போன் அனே!" என்றாள், வீட்டின் நடுவில் நின்று.

மிரெய் வாயில் கையை வைத்தார். என் கால் தூக்கியபடி நின்றது. ஒரு பொம்பிளை. முதல் கால், முதல் வாழ்த்து, இரண்டும். என் மகளால் இந்த மனுசிக்கு ஒரு வருடம் போய்விட்டது என்று நினைத்தேன். நாளைக்கு இந்தப் பிள்ளையை யார் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொல்வார்கள் என்றும் நினைத்தேன்.

மதாம் பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணை ஒரு தரம் சுருக்கினார்.

"இவளை ஏன் பாக்கிறாய்?" என்றார். "இவள் நேற்றே வந்திட்டாள். ராத்திரி என்னோடைதான் படுத்தவள். மிரெய், நீ சாட்சி."

"ஓம், அம்மா," என்றார் மிரெய். "நான்தான் போர்த்துவிட்டன்."

"நீ வா. ஏன் கொக்கு மாதிரி நிக்கிறாய்? பருப்பு ஆறுது."

நான் காலை வைத்தேன்.